தானே மாறும் கியரும் கையால் மாற்றும் கியரும்

பொங்கல் நெருங்கினால் மட்டாஞ்சேரித் தமிழரின் மனம் முன்னதாகவே ஊருக்குப் போய்விடும். உடம்பு மட்டும் விடுமுறை நாளை எண்ணிக்கொண்டு இங்கே இருக்கும். பஜார் சாலைக் கிடங்குகளிலும், வேளியின் தோபிக்கானாவிலும், துறைமுகத்திலும், எம்மைப்போல் இரயில்வே அலுவலகத்திலும் உழைக்கும் நம்மவர் யாவர்க்கும் இது பொது. முன்னெல்லாம் ஊர்ப்பயணம் என்றால் இரயிலே கதி. இன்றோ நம் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் ஒரு சிறு கார் நிற்கின்றது. இரயில்வேயின் உப்பைத் தின்னும் யாம் இதற்காக வருந்த வேண்டியவரே. ஆயினும், முன்பதிவில் இடமின்றித் திரும்பிச் செல்லும் முகங்களைச் சாளரத்தின் வழியே நாள்தோறும் காண்பவராதலின், வருந்த மனம் வரவில்லை.

வாங்கப்படும் கார்களிலும் ஒரு மாறுதல் தோன்றியிருக்கின்றது. தோப்பும்படியிலும் குண்டனூரிலும் காலையும் மாலையும் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டிக் கூட்டத்தில் கிளட்சை மிதித்து மிதித்து இடக்கால் ஓய்ந்துபோன அன்பர்கள், கிளட்சே இல்லாத ‘ஆட்டோமாட்டிக்’ வண்டியை நாடுகின்றனர். அவ்வண்டிகளின் கியர்த் தண்டருகே ‘டி’ என்னும் எழுத்தைக் காணலாம். அதில் தண்டை நிறுத்தினால் கியர்கள் தாமே மாறிக்கொள்ளும். அதன் பக்கத்திலேயே பல வண்டிகளில் ‘எம்’ என்றோர் எழுத்தும், ஒரு கூட்டற்குறியும் ஒரு கழித்தற்குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். “அஃது எதற்கு?” என்று வண்டிக்கு உரியவரைக் கேட்டால், “அது வேகப்பிரியர்களுக்கு, நமக்கு வேண்டாதது” என்பதே பெரும்பாலும் விடை. யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், சென்ற பொங்கல்வரை.

போடிமெட்டில் கற்ற பாடம்

எமது ஊர் தேனிக்கு அருகில் உள்ளது. கொச்சியிலிருந்து தொண்டி செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி, மூணாறு வழியாகப் போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்குவது எம் வழக்கம். சென்ற பொங்கலுக்கு எம் மைத்துனரின் ஆட்டோமாட்டிக் வண்டியில் அவரும், எம் தங்கையும், அவர்கள் குழந்தையும், எம் தாயாரும், யாமுமாக ஐவர் புறப்பட்டோம். பின்புறம் மூட்டை முடிச்சுகள் வேறு.

மூணாறு வரையில் ஏற்றம். வண்டி தானே கியர் மாற்றி ஏறியது. போடிமெட்டுக்கு அப்பால் இறக்கம். அங்கே 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மைத்துனர் தண்டை ‘டி’யிலேயே விட்டு, வலக்காலைப் பிரேக்கின்மேல் ஊன்றியபடியே இறங்கினார். வளைவுகளிற் பாதிகூடக் கழிந்திராது, “என்னப்பா, ஏதோ தீயிற வாடை வருதே?” என்றார் தாயார். வெளியே எங்கோ குப்பை எரிக்கின்றார்கள் என்று யாம் சமாதானம் சொன்னோம். அடுத்த வளைவில் மைத்துனரின் முகம் மாறிற்று. பிரேக் மிதி வழக்கத்தினும் ஆழமாக உள்ளே போனது. வண்டியோ வழக்கம்போல் கட்டுப்படவில்லை. நல்வேளையாகச் சற்று அகன்ற இடம் ஒன்று மலைப்பக்கமாக வாய்த்தது. கைப்பிரேக்கையும் இழுத்து வண்டியை அங்கே நிறுத்தினார். முன்சக்கரங்களினின்று புகை எழுந்தது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய வேகத்தை யாம் என்றும் மறவோம்.

ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்று அவ்வழியே வந்து நின்றது. அதன் ஓட்டுநர் அறுபதை எட்டிய பெரியவர். யாம் தண்ணீர்ப் பாட்டிலுடன் சக்கரத்தருகே குனிவதைக் கண்டு, “தண்ணிய ஊத்திறாதீங்க! சூட்டுல வெடிச்சிரும். அதுபாட்டுக்கு ஆறட்டும்” என்று தடுத்தார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“டி-யிலயேவா எறங்குனீங்க? பக்கத்துல இந்த எம் எதுக்குத் தம்பி இருக்கு? ஏறுன கியர்லயே எறங்கணும்னு எங்க காலத்துல சொல்லிக் குடுப்பாங்க. வண்டி புதுசுன்னா மலை மாறிருமா?”

மைத்துனர் தலைகுனிந்தார். யாமும் குனிந்தோம். முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பின், பெரியவர் சொன்னபடி ‘எம்’மில் தண்டைத் தள்ளி, கழித்தற்குறியின் பக்கம் தட்டி, இரண்டாம் கியரில் எஞ்சின் உறும உறும இறங்கினோம். பிரேக்கை வளைவுகளில் மட்டுமே மிதிக்க நேர்ந்தது. ஊர் சேர்ந்ததும் பொங்கலைவிட அந்த ‘எம்’தான் எம் மனத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரி திரும்பியபின் வண்டியுடன் தந்த கையேட்டைப் படித்தும், பழகிய மெக்கானிக் ஒருவரைத் துருவித் துருவிக் கேட்டும் அறிந்தவற்றை நம் அன்பர்களுக்கு ஈண்டு எழுதுகின்றோம்.

கியர் எதற்கு?

சைக்கிளில் மேம்பாலம் ஏறியவர்க்குக் கியரின் தேவை எளிதில் விளங்கும். எஞ்சினுக்கு ஓர் அளவான சுழற்சி வேகத்தில்தான் வலிமை உண்டு. சக்கரமோ சிலவேளை மெல்லவும் சிலவேளை விரைந்தும் சுழல வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று சமாதானம் செய்யும் தரகரே கியர்ப் பெட்டி. சிறு கார் ஒன்றில் முதற்கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் ஏறக்குறைய 14 சுற்றுச் சுற்றும். ஐந்தாம் கியரிலோ மூன்று அல்லது நான்கு சுற்றே. முன்னதில் வலிமை மிகுதி, வேகம் குறைவு; பின்னதில் வேகம் மிகுதி, வலிமை குறைவு.

இதன் மறுபக்கத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இறக்கத்தில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகின்றது. சிறிய கியரில் சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சினைப் பன்முறை சுழற்ற வேண்டியிருத்தலால், அது சக்கரத்துக்குப் பெருஞ்சுமையாகின்றது. ஆக்சிலரேட்டரினின்று காலை எடுத்தவுடன் பெட்ரோல் எஞ்சினின் காற்றுவழி ஏறத்தாழ மூடிக்கொள்ளும். மூடிய வழியினூடே காற்றை இழுக்கப் பிஸ்டன்கள் திணறும். அத்திணறலும் உள்ளுறுப்புகளின் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பின்னிழுக்கும். இதனையே எஞ்சின் பிரேக் என்பர். ஐந்தாம் கியரில் இது பெயரளவுக்கே உண்டு. இரண்டாம் கியரில் கைகொடுக்கும்.

நால்வகைப் பெட்டிகள்

‘ஆட்டோமாட்டிக்’ என்று ஒரே பெயரால் அழைப்பினும், உள்ளே இருப்பவை நால்வகை.

முதல்வகை எண்ணெயால் இயங்குவது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வைத்த ‘ஹைட்ராமாட்டிக்’ என்பதே இவ்வகையிற் பெருவாரியாகச் செய்யப்பட்ட முதற்பெட்டி. ஓடும் மின்விசிறி ஒன்றின் எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், முன்னதன் காற்றால் பின்னதும் சுழலுமன்றோ? காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பி, எதிரெதிரே இரு விசிறிகளை ஒரே கூட்டில் அடைத்தாற்போன்றது இதன் முற்பகுதி. எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே கிளட்சின் வேலையை அவ்வெண்ணெயே செய்கின்றது. அதன் பின்னே, சூரியனைச் சுற்றும் கோள்கள்போல் நடுச்சக்கரத்தைச் சுற்றும் சிறு பற்சக்கரங்கள் உள்ளன. இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துவது, எதை விடுவிப்பது என்பதைப் பொறுத்துக் கியர் அமையும்.

இரண்டாம் வகை நம் நாட்டுச் சிறு கார்களில் மிகுதியாகக் காணப்படுவது. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் செலேரியோ காரில் இதனைக் கொணர்ந்தபோதுதான், எளிய குடும்பத்துக்கும் ஆட்டோமாட்டிக் எட்டும் பொருளாயிற்று. 2018-இல் ஹூண்டாய் நிறுவனம் புதிய சான்ட்ரோ காரிலும் இவ்வகையை வைத்தது. இதில் புதுமையான பற்சக்கரம் ஒன்றுமில்லை. கையால் மாற்றும் பழைய கியர்ப் பெட்டியேதான், பழைய கிளட்சேதான். ஆனால் கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியரைத் தள்ளும் கைக்கும் பதிலாக, மின்சாரத்தாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் இயங்கும் கருவி ஒன்றைப் பெட்டியின்மேல் ஏற்றிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டுநர் ஒருவரை உள்ளே அமர்த்தினாற்போல என்று கொள்க. கியர் மாறும்போது வண்டி சற்றே தலையசைப்பது இதனாலேயே. அவர் கிளட்சை விடுத்து மீண்டும் பிணைக்கும் அந்த நொடியில் எஞ்சினின் இழுவை இல்லை.

மூன்றாம் வகையிற் பற்படிகளே இல்லை. கூம்புபோன்ற பக்கங்களையுடைய இரு கப்பிகள் அகன்றும் நெருங்கியும் நிற்க, அவற்றிடையே பட்டை ஒன்று ஓடும். பட்டை ஏறி இறங்குவதற்கேற்பக் கியர் இடைவிடாது மாறும். நம் தெருக்களில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களும் இத்தகைய பட்டையாலேயே ஓடுகின்றன. இம்முறையைக் காரில் வைத்துப் பெருவாரியாக விற்றவர் டச்சுக்காரர். அந்நாட்டின் டாப் நிறுவனம் 1958-இல் அதனை வெளிப்படுத்தியது. போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையின் நிழலில் வாழும் நமக்கு இஃதொரு சுவையான செய்தி.

நான்காம் வகையில் இரு கிளட்சுகள் உண்டு. ஒன்று முதல், மூன்று, ஐந்து ஆகிய கியர்களையும், மற்றொன்று இரண்டு, நான்கு, ஆறு ஆகியவற்றையும் ஆளும். ஒன்று வேலை செய்கையில் மற்றது அடுத்த கியரை ஆயத்தமாக வைத்திருக்கும். ஆதலின் மாற்றம் கண்ணிமைப் பொழுதில் முடியும். விற்பனைக் கார்களில் 2003-ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் காரில் இதனை வைத்தது.

‘எம்’ என்பது ஒரு விண்ணப்பம்

இனி அந்த ‘எம்’மின் மருமத்துக்கு வருவோம். பழைய வண்டியில் கியர்த் தண்டைத் தள்ளினால், அக்கையசைவே கம்பிகளின் வழியாகப் பெட்டிக்குள் சென்று பற்சக்கரத்தை நகர்த்தும். ஆட்டோமாட்டிக் வண்டியின் ‘எம்’மில் தண்டைத் தட்டினால், எந்தச் சக்கரமும் உம் கையால் நகர்வதில்லை. அந்நிலையில் அது வீட்டு மணியின் பொத்தானைப்போன்ற ஒரு சுவிட்சே. “ஒரு கியர் குறைக்கவும்” அல்லது “ஒரு கியர் கூட்டவும்” என்னும் செய்தி மின்கம்பி வழியே கியர்க் கணினிக்குப் போகின்றது, அவ்வளவே.

அலுவலகத்திற் பணிபுரியும் எமக்கு இஃது எளிதில் விளங்கிற்று. தண்டைத் தட்டுவது விடுப்பு விண்ணப்பம் எழுதுவதற்கு ஒப்பானது. எழுதிவிட்டதனாலேயே விடுப்புக் கிடைத்துவிடாது. மேலதிகாரி ஏட்டைப் பார்த்து, வேலைக்குப் பங்கம் இல்லையெனின் ஒப்பமிடுவார், உண்டெனின் மறுப்பார். கணினி பார்க்கும் ஏடுகள் இரண்டு: வண்டியின் வேகமும் எஞ்சினின் சுழற்சியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் முதற்கியர் கேட்டால், எஞ்சின் தாங்கும் எல்லையைக் கடந்து சுழல நேரும். ஆதலின் கணினி மறுத்துவிடும். வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டால் ஒப்பமிடும். ஒப்பமிட்டபின் நிகழ்வது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். எண்ணெய்ப் பெட்டியில் சிறு வால்வுகள் திறந்து மூடி எண்ணெயை வேறு பாதையில் அனுப்பும். இரண்டாம் வகையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கியரை மாற்றுவார். பட்டைப் பெட்டியில் படிகளே இல்லாமையால், பட்டையைக் குறித்த ஓரிடத்தில் நிறுத்தி, அதனையே ‘மூன்றாம் கியர்’ என்று கணினி பெயரிட்டுக் காட்டும்.

மேலதிகாரி சிலவேளை விண்ணப்பம் இன்றியே ஆணையிடுவதும் உண்டு. ‘எம்’மில் இருக்கும்போதும், வண்டி நிற்கப்போகும் நிலையில் கணினி தானே கியரைக் குறைக்கும். எஞ்சின் எல்லைமீறிச் சுழன்றால் பல வண்டிகள் தாமே கியரைக் கூட்டிவிடும். ஆகவே ‘எம்’மில் தண்டை வைத்ததனால் எஞ்சினைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டா.

இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தார். 1990-ஆம் ஆண்டு மாடலாக வந்த 911 கரேரா 2 காரில் ‘டிப்டிரானிக்’ என்னும் பெயரால் அதனை வைத்தனர். அது வேகக் கார் ஆதலின், ‘எம்’ என்பது வேகப்பிரியர்களின் விளையாட்டு என்னும் எண்ணம் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அதற்குப் பல்லாண்டு முன்னரே, பழைய ஆட்டோமாட்டிக் வண்டிகளில் ‘2’ என்றும் ‘எல்’ என்றும் நிலைகள் இருந்தன. மலைச்சாலையில் சிறிய கியரைவிட்டு மேலே போகாதபடி தடுப்பதே அவற்றின் வேலை. எனவே பெயர் புதிது, தேவை பழையது.

கண்ணில்லாத அறிவு

இவ்வளவு அறிந்த கணினிக்கு நம் விண்ணப்பம் எதற்கு என்று வினவலாம். அதற்குக் கணக்கு உண்டு, கண் இல்லை. போடிமெட்டில் எம் மைத்துனர் ஆக்சிலரேட்டரினின்று காலை எடுத்தார். வண்டியோ இறக்கத்தில் விரைந்தது. இதனைக் கண்ட கணினி, “இவர் சமநிலத்தில் இலேசாக ஓட்டுகின்றார், பெரிய கியரே போதும், பெட்ரோல் மிஞ்சும்” என்று எண்ணி மேற்கியருக்குப் போயிற்று. அதனால் எஞ்சினின் பிடி தளர்ந்தது. பிடி தளரவே வேகம் கூடிற்று. வேகம் கூடவே பிரேக்கின்மேல் முழுச்சுமையும் விழுந்தது. இந்நாளைய வண்டிகள் சிலவற்றில் சரிவை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் அறிவும் வைக்கப்பட்டிருக்கின்றது. ஆயினும் அடுத்த வளைவுக்கு அப்பால் சாலை எவ்வளவு செங்குத்தாகப் போகின்றது என்பதை வண்டி அறியாது, ஓட்டுபவர் அறிவார். தான் கண்டதை வண்டிக்குச் சொல்ல அவருக்கு உள்ள வாய்தான் அந்தக் கழித்தற்குறி.

மலையின் கணக்கு

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் சுமார் 1000 மீட்டர் தாழ்வானது. எம் வண்டியும் ஐவரும் மூட்டைகளும் சேர்ந்து ஏறக்குறைய 1300 கிலோ என்று கொள்வோம். பள்ளியிற் படித்த கணக்கின்படி பார்த்தால், அவ்வெடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 30 பாகைச் சூட்டிலுள்ள நீரில் 40 லிட்டருக்கும் மேற்பட்டதைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு கல்யாண அண்டா வெந்நீர்! காற்றும் சாலையும் இதிற் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது எங்கே போவது? எஞ்சின் ஒன்றும் ஏற்காவிட்டால், முழுவதும் சில கிலோ எடையேயுள்ள பிரேக் தட்டுகளிற்றான் இறங்க வேண்டும்.

சூடு ஏறஏறப் பிரேக் கட்டைகளின் பற்றுதல் குறையும். அச்சூடு பிரேக் எண்ணெயையும் எட்டும். ‘டாட் 3’ என்னும் பிரேக் எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகைச் சூடுவரை கொதியாது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறியபின் அதன் தரத்துக்கு விதித்த எல்லை 140 பாகையே. உப்பும் பப்படமும் நமுத்துப்போகும் நம் கொச்சிக் காற்றில் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆதலின் மிதி தரைவரை போயும் பிரேக் பிடியாது. எம் மைத்துனரின் காலடியில் அன்று தொடங்கியது அதுவே.

நீலகிரியில் உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுச் சாலையைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 2018-ஆம் ஆண்டில் சுற்றுலா வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் வீழ்ந்து உயிர்கள் பலியானபின், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அச்சாலையில் இறங்குவோர்க்குச் சிறிய கியரிலேயே செல்லுமாறு அறிவுறுத்துவதும் இக்கணக்கை முன்னிட்டே.

இரயில் கற்பிப்பது

இப்பாடத்தை எம் துறை நெடுங்காலத்துக்கு முன்பே கற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் திறக்கப்பட்ட மலை இரயிலில், இரு தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை ஒன்று பதிக்கப்பட்டிருக்கின்றது; எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்வியே ஏறி இறங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஓர் ஆளும் உண்டு. மின்சார எஞ்சின்களிலோ, இறக்கத்தில் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி, அச்சுமையால் வண்டியைப் பின்னிழுப்பர். எர்ணாகுளத்துக்கு வரும் ‘வாப்-7’ வகை எஞ்சின்கள் அவ்வாறு பிறந்த மின்சாரத்தை மேற்கம்பிக்கே திருப்பித் தரவும் வல்லவை. இறக்கத்தின் சுமையை முதலில் இழுப்பு எஞ்சின் ஏற்கட்டும், பிரேக் கட்டையை முடிவுக்கு வைத்திரு என்பதே இவற்றாற் பெறும் நீதி. ‘எம்’மும் கழித்தற்குறியும் இதனையே நம் காருக்குச் சொல்கின்றன.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, இறக்கம் தொடங்குமுன்னரே, மேட்டிலேயே வேகத்தைத் தணித்து ‘எம்’முக்கு மாற்றுக. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்குக. பிரேக்கைத் தொடாமலே வேகம் கூடிக்கொண்டு போனால், இன்னும் ஒன்று குறைக்க வேண்டும் என்பது பொருள். கணினி மறுத்தால், முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துப் பின் மீண்டும் கேட்க.

இரண்டாவது, பிரேக்கின்மேற் காலை ஊன்றிக்கொண்டே இராது, அழுத்தமாகச் சிறிது மிதித்து முழுதும் விடுக. விட்ட இடைவெளியிற்றான் அது காற்றில் ஆறும்.

மூன்றாவது, பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் இறங்கற்க. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி இறங்குகையில், ஆக்சிலரேட்டரைத் தொடாதவரை பெட்ரோலைப் பெரும்பாலும் அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலிற்றான் எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகும். உறுமும் ஓசை செலவின் ஓசையன்று, காவலின் ஓசை.

நான்காவது, கூட்டற்குறி முன்னே இருக்கின்றதா பின்னே இருக்கின்றதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரவல் வண்டியில் மலையேறுமுன் இதனைச் சமநிலத்தில் பார்த்துக்கொள்க. வெல்லிங்டன் தீவின் நேர்ச்சாலையில் ஒரு ஞாயிறு காலை கால்மணி நேரம் பழகினாற் போதும்.

ஐந்தாவது, ஏற்றத்திலும் ‘எம்’ உதவும். பாரலாரியின் பின்னே ஊரும்போது, ‘டி’யில் உள்ள பெட்டி மேலும் கீழுமாகக் கியர் மாற்றித் தடுமாறும், இரண்டாம் கியரில் நிறுத்திவிட்டால் அமைதியாக ஏறும். இரண்டாம் வகைப் பெட்டியுடையார் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்தலாகாது; கிளட்சு தேய்ந்து கருகும். பிரேக்கையே பயன்படுத்துக.

ஆறாவது, எல்லா வண்டியிலும் ‘எம்’ இருப்பதில்லை. 2016-இல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ குவிட் ஆட்டோமாட்டிக்கில், தண்டுக்குப் பதிலாக ஆர், என், டி என்னும் மூன்று நிலைகளையுடைய ஒரு திருகு குமிழே இருந்தது. ‘எம்’ இல்லாதவர் ‘எல்’, ‘2’, ‘எஸ்’ என ஏதேனும் உண்டா என்று கையேட்டிற் காண்க. ஒன்றும் இல்லையெனின், மெல்லச் சென்று, இடையிடையே நின்று பிரேக்கை ஆறவிட்டு இறங்குவதே வழி.

ஏழாவது, கருகல் வாடை வந்தால் அதனை வெளியே தேடாதீர்கள். பிரேக் தளர்ந்தால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கமாக நிறுத்துக. தண்ணீர் ஊற்றாது ஆறவிடுக. பிரேக் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுக.

முடிவுரை

சித்திரையில் மீண்டும் அதே வண்டியில் அதே வழியே சென்றோம். போடிமெட்டில் தேநீர் அருந்தியபின் மைத்துனர் தண்டை ‘எம்’முக்குத் தள்ளி, இருமுறை பின்னே தட்டினார். எஞ்சின் உறுமியது. “ஏன் இப்படிக் கத்துது?” என்றார் தாயார். “கத்தட்டும் அத்தை, அதுதான் நம்மளைப் பிடிச்சிருக்கு” என்றார் மைத்துனர். நான்காம் வளைவிலேயே தாயார் உறங்கிவிட்டார். அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தோம். தொடமுடியாத சூடு எதுவும் இல்லை.

வருகின்ற பொங்கலுக்கு நம்மவர் பலர் மூணாறு வழியாகவோ, ஆரியங்காவு வழியாகவோ ஊர் செல்வீர்கள். வண்டி தானே எல்லாம் செய்யும் என்று விற்றவர் சொல்லியிருப்பார். சமவெளியில் அது மெய்யே. மலையில் மட்டும் அதற்கு நம் கண் வேண்டும். புறப்படுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியின் கையேட்டை எடுத்து, அந்தக் கழித்தற்குறி எங்கே இருக்கின்றது என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஊரில் கதவருகே காத்திருப்போர்க்கு நாம் கொண்டுசெல்லும் பண்டங்களிற் சிறந்தது நலமாக வந்துசேரும் நம் உயிரே அன்றோ?